அன்டெட்னா ‘இறவாதவர்’னு எவன் சொன்னது?

புதுவண்ணாரப்பேட்டைல எங்க கேரம் கிளப்புல ஞாயித்துக்கெழம சாயங்காலம் போர்டுல காய விட வாய்தான் அதிகம் ஓடும். போன வாரம் டாபிக் டிராகுலா. ஒருத்தன் நெஞ்சுல ஆப்பு அடிச்சா முடிஞ்சுதுன்றான், ஒருத்தன் தல தனியா வரணும்ன்றான், பவுடர் போட்டுகினு இருந்த பையன் “அதெல்லாம் வாணாம், வெயில்ல இட்டாந்து விட்டா சாம்பல்”ன்றான். சரி போகட்டும்னு ரெட்டுக்கு குறி வெச்சுகினு இருந்தேன், அப்ப பக்கத்துல ஒரு தம்பி போன நீட்டி “அண்ணே இதுலயே போட்டுக்கிறான் பாரு”ன்னான். கீழ தமிழ் சப்டைட்டில்: “இறவாதவர்களைக் கொல்வது எப்படி?”

ரெட்டு போச்சு. அன்டெட்ன்ற இங்கிலீஷுக்கு ‘இறவாதவர்’னு போடறத இந்த மாசத்துல நாலாவது வாட்டி பாக்கறேன். ஏன்டா, இறவாதவன்னு நீயே சொல்லிட்ட, அப்புறம் அவன எப்படி கொல்லுவ?

அன்டெட்ன்ற இங்கிலீஷ் வார்த்தையோட கதைய சுருக்கமா சொல்லிடறேன். அது பழசுதான், ஆதில அதுக்கும் சாகாதன்ற அர்த்தம் இருந்துச்சு, அத ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு நாம புரிஞ்சுக்கற அர்த்தம், அதாவது செத்து பொதச்ச ஆளு திரும்ப எழுந்து வர்றது, ஊரெல்லாம் பரவுனது பிராம் ஸ்டோக்கர் 1897ல டிராகுலா எழுதுன பிறகு. அந்த நாவலுக்கு அவர் முதல்ல வெச்சிருந்த பேரே ‘தி அன்டெட்’தான். வேம்பயர்ன்றது, அதாவது அப்படி எழுந்து வந்து ரத்தம் குடிக்கற பொணம், செர்பியா பக்கத்து சொல்லு, 1732 வாக்குல அங்க பொணத்த தோண்டி பாத்த சமாச்சாரம் பேப்பர்ல வந்தப்ப இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. அவ்ளோதான்.

இப்ப தமிழுக்கு வாங்க. ‘இறவாத’ன்னா என்ன? செத்ததே இல்ல, சாகவும் மாட்டான்னு அர்த்தம். இறவாப் புகழ்னு சொல்றோம், அந்த புகழ் ஒரு தடவ செத்து எழுந்துச்சுன்னா சொல்றோம்? காரைக்கால் அம்மையார் சிவன்கிட்ட கேட்டது ‘இறவாத இன்ப அன்பு’ன்னு பெரியபுராணம் சொல்லுது. இத்தனைக்கும் அந்த அம்மா பேய் உருவம் கேட்டு வாங்குனவங்க, அரக்கோணம் லைன்ல இருக்கற திருவாலங்காட்டுல சிவன் காலடில பாடிகிட்டு இருந்தவங்க. பேய பத்தி சேக்கிழாருக்கு தெரியாதா? பேய்ன்ற சொல்லு ஒரு பக்கம் இருக்கு, இறவாதன்ற சொல்லு ஒரு பக்கம் இருக்கு, ரெண்டும் கலக்கவே இல்ல. இறவாதவர் யாருன்னு கேட்டா நம்ம ஊர்ல அனுமார், விபீஷணன், அஸ்வத்தாமன்னு சிரஞ்சீவி லிஸ்ட் சொல்லுவாங்க. அந்த வரிசைல கொண்டு போய் டிராகுலாவ நிக்க வெக்கறது யாரு? சப்டைட்டில் எழுதறவங்க. ‘அன்’னு இருந்தா ‘ஆத’ போடு, ‘டெட்’னு இருந்தா ‘இற’ போடு, ஒட்டி அனுப்பு, வேல முடிஞ்சுது. அந்த ஆளு செத்தவன்ற விஷயமே காணாம போச்சு பாருங்க, கதைல பயமே அதுலதான இருக்கு.

சரி, வேம்பயருக்கு ‘குருதியுறிஞ்சி’ன்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. தூய தமிழ், சந்தோஷம், எனக்கும் தமிழ் மேல பாசம் உண்டு. ஆனா பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருக்கறவன்கிட்ட வந்து குருதியுறிஞ்சின்னு சொன்னீங்கன்னா அவன் கொசுவத்தி எடுத்துகினு வருவான். ‘நடைப்பிணம்’ நல்ல சொல்லு, ஜாம்பிக்கு ஓரளவு ஒட்டும், ஆனா அதுவும் தமிழ்ல உயிரோட இருந்துகிட்டு செத்தவன் மாதிரி திரியறவனுக்கு வெச்ச பேரு. நமக்கு வேண்டியது அப்படியே தலகீழ். வேதாளம்? அது பொணத்துக்குள்ள பூந்துக்கற ஜீவன், கிட்டத்தட்ட வருது, ரிச்சர்ட் பர்ட்டன் 1870ல விக்கிரமாதித்தன் கதைய இங்கிலீஷ்ல போட்டப்ப வேதாளத்த வேம்பயர்னுதான் போட்டாரு, ஆக இந்த குழப்பம் ரெண்டு பக்கமும் நடந்திருக்கு. ஆனா வேதாளம் அடுத்தவன் பொணத்துல வாடகைக்கு இருக்கறது. வேம்பயர் சொந்த வீட்ட காலி பண்ண மாட்டேன்னு உக்காந்திருக்கறது.

எனக்கு ரொம்ப கடுப்பு எதுலன்னா வேம்பயருக்கு ‘இரத்தக்காட்டேரி’ன்னு போடறது. எல்லாருக்கும் பழகிப்போச்சு, மாத்த முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிடறேன். காட்டேரிய காடு, ஏறின்னு பிரிக்கிறாங்க, காடுன்னா நம்ம பக்கம் மரம் நிக்கற காடு இல்ல, “காட்டுக்கு எடுத்துட்டாங்களா?”ன்னு கேப்பாங்களே அந்த காடு. அவ பயமுறுத்தறவதான், இல்லன்னு சொல்லல, ஆனா சாமியும்தான், படையல் போட்டு கும்பிடற வீடு இன்னிக்கும் இருக்கு, கப்பலேறி டிரினிடாடுக்கு போன ஜனங்க அங்கயும் கொண்டு போய் கும்பிட்டாங்க. அவ பேர எடுத்து கோட்டு போட்ட ஒரு வெள்ளக்கார பிரபுவுக்கு குடுத்தாச்சு. இப்ப சின்ன பசங்ககிட்ட காட்டேரின்னா கோரப்பல்லு வெச்ச துரைதான் ஞாபகத்துக்கு வர்றான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரிய விரட்டுன கதைதான்.

அப்ப என்னதான் சொல்றதுன்னு கேப்பீங்க. எங்க ஆயா உயிரோட இருந்தப்ப டிவில இந்த மாதிரி படம் ஓடுச்சு, பொட்டிய தொறந்து ஒருத்தன் எழுந்தான், வெத்தல இடிச்சுகினு இருந்த ஆயா உலக்கைய நிறுத்திட்டு “இன்னாடா இது, அடங்காத பொணமா இருக்குது”ன்னுச்சு. அவ்ளோதான் விஷயம். அடங்காப்பிடாரின்னு சொல்றோம்ல, அதே மாதிரி அடங்காப்பிணம். அடங்குதுன்ற சொல்லுல எத்தன இருக்கு பாருங்க: உயிர் அடங்கிடுச்சுன்றோம், உடம்ப அடக்கம் பண்றோம், காசிமேடு கல்லறைக்கு போற வழில செவுத்துல ஒட்டற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் ‘நல்லடக்கம்’னுதான் இருக்கும். உயிர் அடங்கியும் உடம்பு அடங்காதது எதுவோ அதான் அன்டெட்.

இந்த சொல்ல வெச்சா கிளப்பு சண்டையும் வேற மாதிரி தெரியுது. பேய கொன்னாங்கன்னு யாராச்சும் சொல்லி கேட்டிருக்கீங்களா? ஓட்டறோம், எறக்கறோம், கட்டறோம், முடிய புடிச்சு புளியமரத்துல ஆணி அடிக்கறோம். செத்தவன கொல்றதுக்கு நம்ம பேச்சுல எடமே இல்ல. வேம்பயர் கதை வந்த ஊர் ஆளுங்களும் அததான் செஞ்சிருக்காங்க, ஆப்பு அடிச்சது பொணம் எழுந்துக்காம மண்ணோட நிக்கறதுக்கு. டிராகுலா நாவல்ல வேம்பயரா மாறிப்போன லூசின்ற பொண்ணுக்கு நெஞ்சுல முளை எறக்கி, தலைய வெட்டி, வாய்ல பூண்ட அடைக்கறாங்க. (சில பேர் இந்த முளைக்கு ‘கழு’ன்னு எழுதறாங்க, கழு ஏத்தறது கீழருந்துப்பா, கொஞ்சம் யோசிங்க.) நாம கால் கட்டவெரல கட்டறோம், வாய கட்டறோம், சனிப்பொணம் தனியா போகாதுன்னு பாடைல ஒரு கோழிய கட்டி அனுப்பறோம். செத்தவன் கூட ஆள் சேத்துக்குவான்ற பயம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.

தம்பிங்க சண்டைக்கும் தீர்ப்பு சொல்லிடறேன். நாவல்ல டிராகுலாவுக்கு யாரும் ஆப்பு அடிக்கல, ரெண்டு பேர் கத்திலதான் கதை முடியுது, ஒருத்தன் கழுத்த அறுக்கறான், ஒருத்தன் நெஞ்சுல எறக்கறான். வெயிலு? அந்த ஆளு லண்டன்ல பகல்லயே நடமாடறான், சக்திதான் கொறஞ்சு போகும். வெளிச்சம் பட்டு அழியறது 1922ல நோஸ்ஃபெராட்டுன்ற ஜெர்மன் ஊமைப்படத்துல வந்த சமாச்சாரம். பவுடர் பையன் இத கேட்டுட்டு மூஞ்ச தூக்கி வெச்சுகினான்.

போன காட்டுன தம்பி மட்டும் விடல. “அண்ணே, அந்த ஹீரோ பாக்க எவ்ளோ ஷோக்கா இருக்கான், அவன் ஆளு வந்து ‘நீ அடங்காப்பிணமா?’ன்னு கேட்டா எவன்ணே படம் பாப்பான்?”

நியாயமான கேள்வி. பதில் இல்ல. லவ் சீன்ல வேணா வேம்பயர்னே போட்டுக்கட்டும், தமிழ் ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

“சப்டைட்டில்ல எடம் வேற பத்தாது”ன்னான். வெரல விட்டு எண்ணி பாத்தோம், இறவாதவர் ஆறு எழுத்து, அடங்காப்பிணம் எட்டு. ரெண்டு எழுத்துக்கு எடம் இல்லயாம். ஸ்ட்ரைக்கர வாங்கிகினு “உன் ஆட்டம்டா, அடி”ன்னேன்.