மஞ்சள் வேட்டியில் ரத்தம்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் போனைத் திறந்தால், 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்' என்று நாலு பேராவது அனுப்பியிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் நினைத்ததால் மட்டும் ரத்தம் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு ஆடி மாதம். ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்த பையனை ஆம்னி வேனில் கொண்டுவந்தார்கள். தொடையில் ஆழமான வெட்டு. மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தோள் துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடியே வந்தார். "விடுங்கண்ணா, நாங்க பாத்துக்கறோம்" என்று சிஸ்டர் சொன்ன பிறகும் அவரால் விரலை விரிக்க முடியவில்லை. மரத்துப் போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம்.

கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருந்து மலையிலிருந்து பஸ்ஸில் வந்தவராம். வழியில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். குழாயில் கை கழுவிக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். "டாக்டரம்மா, கேஸு கீஸுன்னு போலீஸு கூப்புடுவாங்களா? இந்த வேட்டியோட கோயிலுக்குப் போலாமுங்களா?"

முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு இவரைப் போன்றவர்களுக்காகவே வந்தது. நல்லெண்ணத்தோடு உதவும்போது கை தவறி ஏதாவது ஆனாலும் அவர்மேல் சிவில், கிரிமினல் வழக்கு வராது. பெயர், விலாசம் கொடு என்று போலீசோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு நெரிசலில் 108 ஏறி இறங்க நேரமாகும். அதுவரை பக்கத்தில் நிற்பவர் கைதான் மருந்து. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் வந்தால், வேறு ஆபத்து இல்லாதவரை அசைக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாகச் சோடா. (யார் கண்டுபிடித்த வைத்தியமோ, கூட்டத்தில் ஒருவர் கையிலாவது சோடா பாட்டில் இருக்கும்.)

இரண்டாவது கேள்விக்கு நான் முழித்தேன். சிஸ்டர்தான் சொன்னார்: "ஆத்தா பாக்காமயா இருப்பா? இதே வேட்டியோட போங்கண்ணா."

போனார். அன்று ராத்திரி வார்டில் யாரும் யார்மேலும் எரிந்து விழவில்லை. வாசலில் எல்லோரையும் விரட்டும் செக்யூரிட்டி, பையனின் அம்மாவுக்குத் தன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். இதை ஆன்மிகம் என்பதா, வேறு பெயர் வைப்பதா, எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை குங்குமப் பொட்டலமும் எலுமிச்சம்பழமுமாக அவரே வந்து நின்றார். பையனின் பெயர்கூடத் தெரியாது. "அந்த நீலச் சட்டைத் தம்பி" என்று கேட்டார். அம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"நீங்க யாருங்கண்ணா?"

"பஸ்ஸுல வந்தவனுங்க."