விலங்குச் சோதனைக்கு எத்திக்ஸ் ஒப்புதல்: எங்கே இழுக்கிறது, எப்படிச் சீக்கிரம் முடிக்கலாம்?

எம்.பார்ம் என்ற மருந்தாக்கியல் முதுகலை இரண்டே வருடப் படிப்பு. அதில் விலங்குச் சோதனை பெரும்பாலும் கடைசி வருடத்தில்தான் வரும். ஒரு மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலியில் பார்க்க வேண்டுமானால், கல்லூரியின் விலங்கு எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண் வரும்வரை ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. அந்த எண்ணுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த மாணவர், மீதி நாட்களில் அவசர அவசரமாகச் சோதனையை முடிக்கிறார். அப்படிச் செய்த சோதனையில் முடிவும் தேறாது, செத்த எலிகளும் வீண். ஒப்புதல் சீக்கிரம் கிடைப்பது மாணவருக்கு மட்டுமல்ல, விலங்குக்கும் நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

முதலில் சட்டம். எல்லாவற்றுக்கும் அடிப்படை 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அதற்கு வழி போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டத்தின் 14ஆவது பிரிவு அறிவியலுக்கான சோதனையை அனுமதிக்கிறது. 15ஆவது பிரிவு அதைக் கண்காணிக்க மத்திய அரசு ஒரு குழு அமைக்கலாம் என்கிறது. அந்தக் குழு 1964இல் அமைந்தது, 1998இல் மேனகா காந்தி தலைமையில் புத்துயிர் பெற்றது. அதே ஆண்டு விதிமுறைகளும் வந்தன. 2001, 2006 ஆண்டுகளில் அவை திருத்தப்பட்டன. பலருக்கு இன்னும் அந்தக் குழுவின் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்ற பழைய பெயர்தான் வாயில் வருகிறது, இப்போதைய பெயர் சி.சி.எஸ்.இ.ஏ. கால்நடை பராமரிப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

17ஆவது பிரிவை விண்ணப்பிக்கிற எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். புத்தகம், மாதிரி, படம் ஆகியவற்றை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிகிற இடத்தில் விலங்கு வேண்டாம். சிறிய விலங்கிலேயே அதே முடிவு கிடைக்குமென்றால் பெரிய விலங்கைத் தொட வேண்டாம். கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை வேண்டாம். கமிட்டியில் வரும் கேள்விகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

விலங்குச் சோதனை செய்யும் நிறுவனம் மத்தியக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும், தனக்கென ஒரு எத்திக்ஸ் கமிட்டியும் வைத்திருக்க வேண்டும். கமிட்டியில் உள்ளிருந்து ஐந்து பேர்: ஒரு உயிரியல் விஞ்ஞானி, வேறு வேறு துறைகளிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர். வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி, அறிவியல் துறை சாராத சமூக அக்கறையுள்ள ஒருவர், மத்தியக் குழுவின் நாமினி, அதாவது அது நியமிக்கும் பிரதிநிதி. நாமினி இல்லாமல் கூட்டம் செல்லாது. அவர் வர முடியாவிட்டால் லிங்க் நாமினி வரலாம். எலி, சுண்டெலி, முயல், கினிப் பன்றி போன்ற சிறிய விலங்குகளுக்குக் கல்லூரிக் கமிட்டியே ஒப்புதல் தரும். நாய், குரங்கு, ஆடு, பன்றி என்று போனால் கமிட்டி பரிந்துரை மட்டுமே செய்யும், முடிவு டெல்லியில். பெரிய விலங்கு தேவைப்படும் ஆய்வுக்கு அந்தக் காலத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

சரி, இழுப்பது எங்கே?

நேரம் போவது பெரும்பாலும் ஃபார்ம் பி என்ற விண்ணப்பப் படிவத்தில்தான். எத்தனை விலங்கு, ஏன் அந்த விலங்கு, என்ன செய்யப்போகிறோம், வலியை எப்படிக் குறைப்போம், கடைசியில் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். சீனியர் கொடுத்த படிவத்தில் மூலிகையின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது பல துறைகளில் வழக்கம். கமிட்டி திருப்பி அனுப்பும், அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருப்பு.

எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குழு, குழுவுக்கு ஆறு எலி, மொத்தம் 36 என்று எழுதிவிடுகிறார்கள். ஏன் ஆறு என்று கேட்டால் பதில் இருக்காது. ரிசோர்ஸ் ஈக்குவேஷன் என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் விடை 10க்கும் 20க்கும் நடுவில் வர வேண்டும். 36இல் 6 போனால் 30, அதிகம். குழுவுக்கு நான்கு என்றால் 24, அதில் 6 போனால் 18, போதும். 12 எலிகள் மிஞ்சுகின்றன. இது தோராயக் கணக்குதான். முந்தைய ஆய்வுகளிலிருந்து சராசரியும் சிதறலும் தெரிந்தால் முறையான புள்ளியியல் கணக்கே போட வேண்டும். அதில் குழுவுக்கு எட்டு வந்தால் எட்டு என்று தைரியமாகக் கேட்கலாம். காரணம் எழுதப்பட்டிருந்தால் கமிட்டி அதில் நேரம் கழிக்காது.

அப்புறம் வலி. காராஜீனன் செலுத்தி எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் சோதனையில் வலி நிவாரணி கொடுத்தால் முடிவே மாறிவிடும். கொடுக்கப்போவதில்லை என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள், எத்தனை மணி நேரத்தில் அளவீடு முடியும், அதன் பிறகு விலங்கு எப்படி வலியின்றி முடிவுக்குக் கொண்டுவரப்படும் என்பதையும் சேர்த்து. நீண்ட நாள் சோதனை என்றால், எந்த நிலைக்கு வந்தால் அந்த விலங்கைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்று சொல்ல வேண்டும். உடல் எடையில் 20 சதவீதம் குறைவது பரவலாக வைக்கப்படும் எல்லை. "விலங்கு நன்றாகப் பராமரிக்கப்படும்" என்ற ஒற்றை வரி இதற்குப் பதிலாகாது.

நச்சுத்தன்மைப் பரிசோதனையில் விலங்குகளில் பாதியைச் சாகடிக்கும் அளவைக் கண்டுபிடிக்கும் பழைய எல்.டி.50 முறையை இன்னும் எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) 401 வழிகாட்டியை 2002ஆம் ஆண்டு இறுதியிலேயே நீக்கிவிட்டார்கள். 423ஆம் வழிகாட்டியில் ஒரு கட்டத்துக்கு மூன்று விலங்குகள் போதும்.

கமிட்டியின் பங்கு

எல்லாப் பழியையும் மாணவர் தலையில் போட முடியாது. கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாத கல்லூரிகள் இருக்கின்றன. விண்ணப்பம் சேர்ந்தால்தான் கூட்டம் என்று உட்கார்ந்திருந்தால், எட்டுப் பேருக்கும் ஒத்துவரும் நாள் கிடைப்பதற்குள் செமஸ்டர் பாதி போய்விடும். வருட ஆரம்பத்திலேயே நாமினியிடம் பேசிக் கூட்டத் தேதிகளை முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதற்குத் தகுந்தபடி கைடும் மாணவரும் எழுத ஆரம்பிப்பார்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பலன் தருவது முன்பரிசீலனை. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கால்நடை மருத்துவரும் அனிமல் ஹவுஸ் பொறுப்பாளரும் படிவத்தைப் பார்த்து, மயக்க மருந்தின் அளவு, ரத்தம் எடுக்கும் இடம், கூண்டு வசதி போன்றவற்றில் உள்ள பிழைகளை அங்கேயே திருத்தச் சொல்லிவிடலாம். மயக்க மருந்துக்கு நேரே இன்னும் ஈதர் என்று எழுதியிருந்தால் மருத்துவரே மாற்றச் சொல்வார். அது எளிதில் தீப்பற்றும், மூச்சுக் குழலையும் உறுத்தும். இதற்கெல்லாம் முழுக் கமிட்டி தேவையில்லை. இந்த ஆய்வுக்கு விலங்கு தேவைதானா, அந்த வலிக்கு இந்த அறிவு ஈடாகுமா என்ற கேள்விகளுக்குத்தான் எட்டுப் பேரும் வேண்டும். அந்த விவாதத்தின் நேரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது.

அமெரிக்காவில் இதற்கு விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். யாரும் முழுக் கூட்டம் கேட்காவிட்டால், தலைவர் நியமிக்கும் ஒன்றிரண்டு உறுப்பினர்களே பரிசீலித்து ஒப்புதல் தரலாம். ஆனால் அவர்களால் நிராகரிக்க முடியாது. சந்தேகம் வந்தால் முழுக் கமிட்டிக்கே அனுப்ப வேண்டும். நடுவில் மயக்க மருந்தை மாற்றுவது போன்ற சில திருத்தங்களை, கமிட்டி முன்பே ஏற்றுக்கொண்ட வழிமுறைக்கு உட்பட்டு, கால்நடை மருத்துவரைக் கலந்துகொண்டு முடிக்க 2014இல் வழி செய்தார்கள். நம் விதிப்படி கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த முறையை அப்படியே இங்கே செய்துவிட முடியாது. ஆனால் ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, வாய்வழி மருந்து செலுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கமிட்டி ஒரே முறை செயல்முறைக் குறிப்பு ஏற்றுவைத்துவிட்டால், விண்ணப்பத்தில் அதன் எண்ணைக் குறித்தால் போதும். ஒவ்வொரு மாணவரும் அதையே பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

மரபணு மாற்றிய எலியோ கிருமியோ ஆய்வில் இருந்தால் உயிரிப் பாதுகாப்புக் கமிட்டியின் அனுமதியும் வேண்டும். ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று காத்திருக்காமல் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே சமயத்தில் போடுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகு விலங்கின் எண்ணிக்கை, இனம், மருந்தின் அளவு, செய்முறை எது மாறினாலும், மாற்றுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். செய்துவிட்டு வாங்கும் ஒப்புதல் செல்லாது. விலங்குகளைப் பதிவு பெற்ற வளர்ப்பாளரிடமிருந்துதான் வாங்க வேண்டும், வந்தவை, பயன்பட்டவை எல்லாம் ஃபார்ம் டி என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். 24 எலிகளுக்கு ஒப்புதல் வாங்கி 22 பயன்படுத்தியிருந்தால், மீதி இரண்டும் எங்கே என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதைத்தான் முதலில் புரட்டுவார்.