விரல் நுனிக்குப் போய்ச் சேராத சரக்கு

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மார்பகப் புற்றுநோய்க்குப் பேக்லிடாக்சல் என்னும் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் அவருடைய அம்மாவுக்கு வாந்தி அடங்கி, பசியும் திரும்பிவிட்டது. பீடி சுற்ற மட்டும் முடியவில்லை. இலை விரலிடுக்கில் இருப்பதே தெரியவில்லையாம். கால் விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. கட்டி மார்பில் இருக்க, கையும் காலும் ஏன் கெட வேண்டும்?

முடி கொட்டுவதும் வாய்ப்புண்ணும் எளிதில் விளங்கும்: வேகமாகப் பிரியும் செல்களை இம்மருந்துகள் தாக்குகின்றன. நரம்பு செல்லோ பிரிவதே இல்லை.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை நுண்குழல்கள் என்னும் புரத இழைகள். பேக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்னும் இன்னொரு கீமோ மருந்து அவற்றைக் கட்டவே விடாது. இரண்டிலும் பிரிவு நின்றுபோகும். ஆனால் அதே நுண்குழல்கள்தான் நரம்பு செல்லுக்குள் தண்டவாளம். கால் விரலை உணரும் செல்லின் உடல் இடுப்புப் பக்கம், முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இழையோ பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. இழைக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் அந்த உடலில்தான் உருவாகும். அதைச் சுமந்துசெல்வது கைனசின் என்னும் மூலக்கூறு. அது உண்மையாகவே நடக்கிறது! இரண்டு கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைத்து, ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று. ஒரு மீட்டரைக் கடக்க 12.5 கோடி அடிகள். விரைவுச் சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை போகும். மெதுவானது சில மில்லிமீட்டர்தான். இந்தப் போக்குவரத்து தடுமாறினால் மிக நீண்ட இழைகளின் நுனி முதலில் வாடுகிறது. அதனால்தான் முதலில் கால் விரல், அடுத்துக் கை விரல். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா பழுதாவதும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

மரத்துப்போதலை அளக்கும் கேள்வித்தாள்கள் பொத்தான் போட முடிகிறதா, பேனா பிடிக்க முடிகிறதா என்று கேட்கின்றன. பீடி இலையையும் கோலமாவையும் ஆம்பூரில் காலணி தைக்கும் விரல்களையும் யார் கேட்பது? புது மருந்துகளுக்குப் போகும் ஆய்வுப் பணத்தில் கொஞ்சமாவது இதற்கு வரவேண்டும் என்பது என் நெடுநாள் எரிச்சல். முன்பு நாளுக்கு எத்தனை பீடி, இப்போது எத்தனை என்று அம்மாவே டாக்டரிடம் சொல்லட்டும். மருந்தளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு உதவும்.

திருஷ்டி கழிப்பவர்களை விட்டுவிடலாம், கெடுதல் இல்லை. கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுப்பவர்களைத்தான் தடுக்க வேண்டும். 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்களால் அழிகின்றன என்று கண்டார். இங்கே காரணம் வேறு, ஆபத்து அதேதான். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றவும். இரவில் உள்ளங்காலைப் பார்க்கவும்.

கீமோ முடிந்தபின் பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல உணர்வு திரும்பும். சிலருக்கு ஓரளவு தங்கிவிடும். மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். நரம்புக்கு நல்லதென்று நம்பப்பட்ட அசிடைல்-எல்-கார்னிடின், பேக்லிடாக்சல் வகை மருந்து ஏற்றிக்கொண்ட பெண்களிடம் சோதித்தபோது மரத்துப்போதலை அதிகமாக்கியது.