கிணற்றுக் குடமும் முழங்கால் வலியும்

கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். குடம் நிரம்பித் தண்ணீருக்குள் கிடக்கும் வரை கயிற்றில் கனமே தெரியாது. அது நீர்மட்டத்தைத் தாண்டியதும் தோள்பட்டையை இழுக்கத் தொடங்கிவிடும். மூட்டுத் தேய்மானத்தால் நாற்காலியிலிருந்து எழுவதற்கே கையூன்ற வேண்டியிருக்கும் 70 வயதுக்காரர், மார்பளவுத் தண்ணீரில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்துவிடுவதற்கும், நீருக்குள் இருப்பதை மேல்நோக்கித் தள்ளும் அதே மிதப்பு விசைதான் காரணம். இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதியோருக்கான நீர்ச் சிகிச்சையில் பெரும்பகுதி, கால் தரையில் பாவியபடி நின்றும் நடந்தும் செய்யும் பயிற்சிகளே.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது என்பதால், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாதங்கள் தாங்கும் எடை பெருமளவு மாறிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்கும்போது அவருடைய கால்கள் தாங்குவது ஏறத்தாழ 30 கிலோ. மார்பளவில் அது 20 கிலோவை ஒட்டியும், கழுத்தளவில் 6 கிலோவை ஒட்டியும் இறங்கிவிடுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு சற்றே வேறுபடும், வேகமாக நடந்தால் சுமை கூடவும் செய்யும். இந்தச் சிகிச்சையில் ஆழமே மருந்தின் அளவு. வலி தணியத் தணிய, பிசியோதெரபிஸ்ட் நோயாளியை ஆழம் குறைந்த பகுதிக்கு நகர்த்தி, முழங்காலிடம் அதன் சுமையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

சுமையைக் குறைக்கும் அதே தண்ணீர், அசையும்போது எதிர்த்து நிற்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் காலை வீசும் வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. வலி தோன்றி அசைவை நிறுத்தினால் எதிர்ப்பும் உடனே இல்லாமல் போகிறது. கையில் பிடித்த இரும்பு எடை இப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. மாடிப்படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உடல் எடை குறைந்துபோன நீருக்குள் அந்த வகை உழைப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எலும்பு உறுதிக்குத் தேவையான சுமையும் அங்கே போதிய அளவு கிடைப்பதில்லை. தரைப் பயிற்சியை முழுவதுமாகக் கைவிட்டு, குளம் ஒன்றே போதும் என்று இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதிகம் பேசப்படாதது நீரின் அழுத்தம். இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகில் சொன்னால், ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் அது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கூடுகிறது. 1.2 மீட்டர் ஆழத்தில் நிற்பவரின் கணுக்காலின் மீதான அழுத்தம் 88 மில்லிமீட்டரை எட்டுகிறது. இயல்பான இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணான 80ஐ விட இது அதிகம். மாலையானால் காலில் நீர் கோத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு, குளத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகு வீக்கம் வடிந்திருப்பது இதனால்தான். கழுத்தளவு நீரில் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இதயம் விரிவடைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அந்த விரிவை, உடலில் நீர் மிகுந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, இதயம் சுரக்கும் ஹார்மோன் சிறுநீரகத்திற்குச் செய்தி அனுப்புகிறது. குளத்தில் இறங்கிய சிறிது நேரத்தில் சிறுநீர் முட்டுவதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதே அதன் பொருள். இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவருக்கோ இந்த 700 மில்லிலிட்டரே ஆபத்தாகலாம். மார்புக்கூட்டை நீர் நெருக்குவதால், நுரையீரல் நோய் முற்றியவர்களுக்கும் மூச்சுவிடுவது கடினமாகும். அதனால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

சிகிச்சைக் குளத்தின் நீர் பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வைக்கப்படுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், சாதாரண நீச்சல் குளத்தில் மெதுவாக அசையும் முதியவருக்கு உடல் நடுங்கித் தசைகள் இறுகிவிடும். இளஞ்சூடான நீரில் அவை தளர்கின்றன.

தரையில் தடுமாறுகிறவருக்குச் சுதாரித்துக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. தண்ணீரிலோ உடல் மெல்லச் சாய்வதால், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று உணர்ந்து காலை எடுத்து வைக்க அவகாசம் கிடைக்கிறது. ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர் பிறகு வீட்டுக்குள் நடக்கவே அஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு, பயமில்லாமல் தடுமாறிப் பழக ஓர் இடம் இருப்பதன் மதிப்பு புரியும்.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 1,190 பேரை உள்ளடக்கிய 13 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கோக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 5 புள்ளி குறைந்ததாகக் கணக்கிட்டது. சிறிய முன்னேற்றம்தான். ஆனால் தரையில் பயிற்சியே செய்ய முடியாத ஒருவருக்கு அதைத் தொடங்குவதற்கான வழியாகத் தண்ணீர் அமைவதை இந்தச் சராசரி எண் காட்டுவதில்லை.

திறந்த புண், காய்ச்சல், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், தரைச் சொரசொரப்பில் தோல் உராய்வதை உணரமாட்டார்கள் என்பதால், ரப்பர் காலணி அணிய வேண்டும். மிகுந்த கவனம் தேவைப்படுவது கரையேறும்போதுதான். நீரின் அழுத்தம் விலகியதும் இரத்தம் கால்களுக்குத் திரும்புகிறது. வெதுவெதுப்பில் விரிந்த இரத்தக் குழாய்களும் சேர்ந்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்க, அதுவரை தெரியாத உடல் எடை முழுவதும், நீர்மட்டத்தைத் தாண்டிய குடத்தைப் போல, கால்களில் வந்து இறங்கும். கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் சற்று நின்று ஏறி, கரையில் போட்டிருக்கும் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகே உடை மாற்றப் போக வேண்டும்.