அந்தப் பெருக்கல் கணக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கள், டீச்சர்

"ஐயாயிரம் திர்ஹாம்னா நம்ம காசுக்கு எவ்வளவு சார்?"

துபாய் பள்ளி வேலைக்கான ஆஃபர் லெட்டரோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதற்குள் கைப்பேசியில் பெருக்கியும் ஆகியிருக்கும். வந்த தொகையை நம்பி ஊரில் கடன் தவணை பேசி முடித்து, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டு, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று தாளை நீட்டுவார்கள். கையெழுத்துக்குப் பிறகு பார்த்து என்ன சொல்வது? கணக்கு டீச்சர்களும் இதற்கு விலக்கில்லை என்பதுதான் ஆற்றாமை.

திர்ஹாமில் வரும் சம்பளம் திர்ஹாமில்தான் செலவாகும். மாதக் கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ரூபாயாக மாற்றிப் பாருங்கள்.

அடுத்த பாட்டு, "அங்கேதான் டாக்ஸே கிடையாதே". சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, உண்மை. ஆனால் 2018 முதல் பெரும்பாலான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 5% வாட் உண்டு. துபாயில் வாடகைக்கு இருந்தால் ஆண்டு வாடகையில் 5% வீட்டுக் கட்டணம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, தண்ணீர்-மின்சார பில்லான 'தேவா'வில் சேர்த்துவிடுவார்கள். பில்லைப் பார்த்து "நான் ஏசியே போடலையே" என்று சண்டைக்குப் போகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

அதைவிட முக்கியம், இந்தியாவில் வரி இல்லையா என்பது நீங்கள் விமானம் ஏறும் தேதியைப் பொறுத்தது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கு அவர் 'ரெசிடென்ட்'தான், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 29-ஆம் தேதி 182-ஆவது நாள். ஏப்ரலில் தொடங்கும் பள்ளிக்கோ, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பள்ளிக்கோ போகிறவர்கள் பொதுவாகத் தப்பித்துவிடுவார்கள். அக்டோபரிலோ ஜனவரியிலோ, நடுவில் நின்றுபோன ஒருவரின் இடத்துக்குப் போகிறவர்கள்தான் மாட்டுவார்கள். அவர்களுக்கு மார்ச் வரையான துபாய் சம்பளமும் இந்திய வருமானக் கணக்கில் வரும். கழிவுகளும் தள்ளுபடியும் போக வரியே வராமலும் போகலாம். ஆனாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். விளிம்பில் கிளம்பிவிட்டு டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வந்தால் அந்த நாள்களும் கூடும். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பத்திரமாக நகலெடுத்து வையுங்கள்.

சரி, வாடகைக்கு வருவோம். அங்கே மாத வாடகை என்ற பேச்சைவிட ஆண்டு வாடகை, எத்தனை செக் (அதாவது எத்தனை தவணை) என்ற பேச்சுதான் அதிகம். ஆண்டுக்கு 36,000 திர்ஹாம், நான்கு செக் என்று ஒரு ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். முதல் செக் 9,000. ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு வழக்கமான டெபாசிட் 5%, அதாவது 1,800. புரோக்கர் கமிஷன் 5% என்றால் 1,800. அதற்கு வாட் 90. வாடகை ஒப்பந்தப் பதிவான 'எஜாரி' சுமார் 220. தேவா டெபாசிட் 2,000. ஆக, சாவி கைக்கு வரும்முன் ஏறக்குறைய 15,000 திர்ஹாம். பாயும் தலையணையும் இன்னும் வாங்கவில்லை. முதல் சம்பளமும் வரவில்லை.

இதில் இன்னொரு சிக்கல்: பின்தேதியிட்ட (போஸ்ட்-டேட்டட்) செக் கொடுக்க செக் புத்தகம் வேண்டும், அதற்கு வங்கிக் கணக்கு, அதற்கு அங்குள்ள அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி. எல்லாம் வரச் சில வாரங்கள் ஆகும். செக் திரும்பினால் இப்போது ஜெயில் இல்லையாமே என்று தைரியமாக இருக்காதீர்கள். 2022 ஜனவரி முதல் பணமில்லாமல் திரும்பிய செக்கை வைத்து வீட்டுக்காரர் நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்கே போக முடியும்.

அதனால் முதல் வருஷம் பள்ளி தங்குமிடம் கொடுத்தால், அறையை இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்தாலும், வாங்கிக்கொள்ளுங்கள். தேவா பில் யாருடையது, கோடை விடுமுறையில் காலி செய்யச் சொல்வார்களா என்று மட்டும் கேளுங்கள். தனி வீடு என்றால் 'சில்லர் ஃப்ரீ'யா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஏசிக்குத் தனி பில், தனி டெபாசிட். அனுமதியில்லாமல் பலகை அடித்துப் பிரித்த 'பார்ட்டிஷன்' அறைக்குப் போகவே வேண்டாம்.

இப்போது ஆஃபர் லெட்டர். மொத்தத் தொகையை விட்டுவிட்டு 'பேசிக்' என்ற வரியைப் பாருங்கள். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி அதன் மேல்தான்: முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் பேசிக். மொத்தம் 5,000, அதில் பேசிக் 2,000 என்றால் ஆண்டுக்கு 1,400. அதே 5,000-இல் பேசிக் 3,500 என்றால் 2,450. மூன்று ஆண்டில் வித்தியாசம் 3,150 திர்ஹாம். இதைப் பேரம் பேச ஒரு மின்னஞ்சல் போதும், யாரும் அனுப்புவதில்லை.

ஓராண்டு முடியாமல் கிராஜுவிட்டி கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்து, கல்வியாண்டு முடிந்தது என்று ஜூலையில் கிளம்புகிறவருக்கு அது பத்து மாதச் சொச்சம்தான். பள்ளிக்கூட வருஷம் வேறு, சட்டத்தின் வருஷம் வேறு.

விசா, வேலைக்கு எடுக்கும் செலவை உங்களிடம் வசூலிக்க அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை. இங்கே பதிவுபெற்ற ஏஜென்ட்டின் சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "விசிட் விசாவில் வாங்க, பிறகு மாத்திக்கலாம்" என்று சொல்லி வகுப்பெடுக்க வைத்தால், அது சட்டவிரோத வேலை.

குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-உடன் தங்குமிடம் போதும் என்பது விசாவுக்கான கணக்கு. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியும் என்று அதற்கு அர்த்தமில்லை. துபாயில் துணைவர், குழந்தைகளின் மருத்துவக் காப்பீடு ஸ்பான்சர் செய்கிறவர் பொறுப்பு. குழந்தைக்கு இலவச சீட் என்று எழுதியிருந்தால் கல்விக் கட்டணம் மட்டுமா, பஸ்ஸும் புத்தகமும் சேர்த்தா, முதல் ஆண்டிலிருந்தே உண்டா என்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் எப்போது வரும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அது வந்த பிறகு, தயவுசெய்து, கையெழுத்துக்கு முன்னால் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.