ராத்திரியில பம்ப ஆஃப் பண்ணாதீங்க

வீட்டுல மீன் குளம் வச்சிருக்கிறவங்ககிட்ட, மீன் செத்து மிதந்தத எப்ப பாத்தீங்கன்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் காலையிலன்னுதான் சொல்வாங்க. முந்தின நாள் சாயங்காலம் முட்டி மோதி தீனி தின்ன மீனு, சுபுஹு பாங்கு கேக்கற நேரத்துல மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கும், பொழுது விடியறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். யாரோ மருந்து கலந்துட்டாங்க, கண்ணு பட்டுருச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. நிறைய வீட்டுல நிஜக் காரணம் ஆக்சிஜன்தான்.

ஒரு லிட்டர் காத்துல சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு. 30 டிகிரி சூட்டுல இருக்கிற ஒரு லிட்டர் தண்ணி காத்துலேருந்து வாங்கி வச்சுக்கறது வெறும் ஏழரை மில்லிகிராம். 15 டிகிரின்னா பத்து. கோலாலம்பூர் வெயில்ல டெரஸ் வீட்டு போர்ச் ஓரம் இருக்கிற சிமெண்ட் குளம் 30 டிகிரிய தொடறதெல்லாம் சாதாரணம். இதுல நாம ஆசப்பட்டு விடறது கோய், ஜப்பான்ல நீகாத்தா பக்கம் பனி கொட்டற ஊர்ல உருவான ஜாதி. தண்ணி சூடாக சூடாக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தண்ணியில இருப்பு குறையும், ரெண்டு பக்கமும் அடி.

பகல்ல இது தெரியாது. தண்ணியில இருக்கிற பாசி வெயில்ல ஆக்சிஜன் விட்டுக்கிட்டே இருக்கும், மத்தியானம் மூணு நாலு மணிக்கு குளம் நல்ல நிலைமையில இருக்கும். பொழுது சாஞ்சதும் அதே பாசி மீனு மாதிரியே ஆக்சிஜன உள்ள இழுக்க ஆரம்பிக்குது, அடியில கிடக்கிற சருகு, கழிவு, தின்னாம விட்ட தீனி எல்லாத்தையும் மக்க வைக்கிற கிருமிங்களும் கூட சேந்துக்கும். நம்ம ஊருல வருஷம் முழுக்க இருட்டு கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதனால ஆக்சிஜன் மட்டம் ரொம்ப கீழ போறது விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி. தண்ணி எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஆபத்து.

இப்ப கரண்ட் பில்லுக்கு பயந்து நாம பம்ப எப்ப நிறுத்தறோம்? படுக்கப் போறப்ப! 40 வாட் பம்ப எட்டு மணி நேரம் நிறுத்தினா மாசத்துக்கு பத்து யூனிட் கூட மிச்சமாகாது, ஏதோ சில வெள்ளி. ஒரு நல்ல கோய் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

பம்ப்தான் குளத்துத் தண்ணிய ஃபில்டருக்குள்ள ஓட்டுது, அது நின்னா அங்க நடக்கறது இன்னும் மோசம். மீன் வெளியேத்தற அமோனியாவ நைட்ரைட்டாவும், அத நைட்ரேட்டாவும் மாத்தறது ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் பயோ பால்ங்கிற பிளாஸ்டிக் உருண்டையிலயும் வழவழன்னு ஒட்டிக்கிட்டிருக்கிற பாக்டீரியா. (ரெண்டாவது வேலைய செய்யறது நைட்ரோபாக்டர்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க, 1998ல மீன் தொட்டிகள ஆராய்ஞ்சப்ப நைட்ரோஸ்பைரா வகைன்னு தெரிஞ்சுது, பல பாட்டில் லேபிள்ல இன்னும் பழைய பேருதான்.) அமோனியாவுல இருக்கிற ஒரு கிராம் நைட்ரஜன முழுசா மாத்த நாலரை கிராம் ஆக்சிஜன் வேணும். பம்ப் நின்னா ஃபில்டர் டப்பாக்குள்ள தேங்கின தண்ணியில இருக்கறத அதுங்க சீக்கிரமே காலி பண்ணிடும், அப்புறம் மூச்சு முட்டி வேலைய நிறுத்திடும், காலையில ஸ்விட்ச் போட்டதும் அந்த நாத்தத் தண்ணி மொத்தமா குளத்துக்கு வரும், அதுவும் மீன் ஏற்கனவே தவிச்சிட்டிருக்கிற நேரத்துல.

ஏர் பம்ப்போட குமிழிலேருந்து நேரடியா கரையற ஆக்சிஜன் கொஞ்சம்தான். அசையாத தண்ணிக்குள்ள ஆக்சிஜன் தானா பரவுறது காத்துல பரவுறத விட சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு, மேல ஒரு மெல்லிசு படலம் நிறைஞ்சதோட நின்னு போகும். குமிழி கீழ் தண்ணிய மேல தூக்கி அந்தப் படலத்த உடைக்குது. அருவி மாதிரி கொட்ட விட்டாலும் அதே வேலைதான், அதனால அழகுக்கு வச்ச அருவிய அலங்காரம்னு நினைச்சு நிறுத்திடாதீங்க.

மழைய பத்தியும் சொல்லணும். நாள் பூரா மூடாப்பா இருந்தா பாசி அவ்வளவா ஆக்சிஜன் தயாரிக்காது, மறுநாள் விடியல் இன்னும் மோசமா போகும். மழத்தண்ணியில காரத்தன்மை, அதாவது புளிப்ப ஈடு கட்டற சுண்ணாம்புச் சத்து, கிட்டத்தட்ட கிடையாது, மேல சொன்ன ஒரு கிராம் நைட்ரஜன் கணக்குக்கே பாக்டீரியா 7 கிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்த தின்னுடும், நம்ம குழாய்த் தண்ணியிலயும் அது கம்மி. தீந்து போனா பிஎச் மடமடன்னு இறங்கும், அதாவது தண்ணி புளிக்கும், ஃபில்டரும் வேலைய நிறுத்திடும். கேராங் (சிப்பி) அவிச்சு சாப்பிட்ட ஓட்ட நல்லா கழுவி வலைப் பையில போட்டு ஃபில்டர்ல வைங்க, புளிப்பு ஏற ஏற தானா கரைஞ்சு ஈடு கட்டும். காசும் செலவில்ல.

புதுசா கட்டறவங்களுக்கு தலைகீழ் பிரச்சனை, சிமெண்ட்டுலேருந்து சுண்ணாம்பு இறங்கி பிஎச் எகிறும். வாழத்தண்ட வெட்டிப் போட்டு ஊற வைக்கறாங்களே, அது அழுகி அமிலம் விடறதால கொஞ்சம் தணியும், ஆனா அந்தத் தண்ணிய கொட்டிட்டு கழுவிதான் மீன் விடணும், அழுகறதும் ஆக்சிஜன் தின்கிற வேலைதானே. குழாய்த் தண்ணின்னா ஆன்டி குளோரின் (குளோரின முறிக்கிற மருந்து) போடாம மீன் விடாதீங்க.

கடைசித் தீனிய சாயங்காலமே போட்டுருங்க, தின்னு சில மணி நேரத்துக்கு மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலா வேணும். இடி மின்னல்ல கரண்ட் போனா பேட்டரில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு கைவசம் இருக்கட்டும். இல்லன்னா வாளியில மொண்டு உயரத்துலேருந்து ஊத்திக்கிட்டே இருக்கணும் லா, வீட்டுல தூங்கறவங்களையும் எழுப்பிக்கோங்க, மாத்தி மாத்தி ஊத்தலாம்.