மூலிகை வைத்தியர் பட்டம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே பேர் வாங்கிய குடும்பம். ஒரு டிரஸ்ட்காரர்கள் அவரைச் சேலத்துக்கு வரவழைத்து, மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி என்று உட்காரவைத்து, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘ஆர்.எம்.பி.’ (பதிவு பெற்ற மருத்துவர்) என்று அச்சடித்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். "போலீஸ் வந்தா இதைக் காட்டுனாப் போதும்னாங்க சாமி" என்றார் என்னிடம். போலீஸ் வந்தது. சுவரிலிருந்து அவர்கள் முதலில் கழற்றியது அந்தச் சான்றிதழைத்தான்.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எந்தக் குறுகிய காலப் படிப்பும் உங்களைச் சட்டப்படி மருத்துவராக்காது. பி.எஸ்.எம்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பை முடித்து, தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் சித்த மருத்துவர். பரம்பரை அறிவு மட்டும் போதாது என்று 2018இல் கேரள வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேட்டூர் அணையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே போய் வந்தேன், போட்டோ இருக்கிறது என்று சொல்லிக்கூடச் சிலர் பட்டம் விற்கிறார்கள். அது மூலிகை வளர்க்கும், ஆராயும் இடம். மருத்துவம் பார்க்க உரிமை தரும் இடம் அல்ல.

சரி, பிள்ளைகளுக்காவது வழி உண்டா? உண்டு. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் தேர்வு கட்டாயம். ஆனால் நீட்டில் தேறிய பிள்ளைகளும் கோட்டைவிடும் இடங்கள் வேறு.

எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் சித்தாவுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இதற்கு இந்திய மருத்துவம், ஓமியோபதி இயக்குநரகம் தனியாக அறிவிப்பு விடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேதி தவறினால் ஒரு வருடம் போச்சு.

அடுத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இது சித்தாவுக்கும் உண்டு. ஆனால் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. "சம்பளம் கவர்ன்மென்ட்தானே குடுக்குது" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான், விதி அப்படி இல்லை. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். அதைக் கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதம் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.

எல்லாவற்றிலும் அதிகமாக அலையவிடுவது சாதிச் சான்றிதழ். சேலம் மாவட்டத்து மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, ஏற்காடு போன்ற மலைகளில் வாழும் மக்கள்) பட்டியல் பழங்குடியினர். இதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது, ஆனால் வருகிறது. பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இது தெரியாமல் தாலுகா ஆபீசுக்கே நடந்து மாதங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளி வைப்பார்கள். ஒரு முறை ஒரு அலுவலகத்தில், "அப்பாவுக்குச் சான்று இருக்கா?" என்று கேட்டார்கள். காட்டினோம். "தாத்தாவுக்கு?" என்றார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த ஒரு நாள் கூலி அதோடு சரி. அதனால் 10ஆம் வகுப்பிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். அப்பா, சித்தப்பா, அத்தை என்று யார் சான்று கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். பள்ளிப் பதிவேட்டில் சாதி எப்படி எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இ-சேவை மனு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வயதான வைத்தியர்களுக்கு இந்தியத் தரக் கவுன்சிலின் தன்னார்வச் சான்றிதழ்த் திட்டம் ஒன்று இருக்கிறது. எலும்புக் கட்டு, மஞ்சள் காமாலை, விஷக்கடி, மூட்டுவலி, பிரசவம் பார்த்தல் என்று அவரவர் துறையில் சோதித்துச் சான்று தருவார்கள். ஒருவரின் அறிவுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் அது, அந்த அளவில் நல்லதுதான். அதை வைத்து ‘டாக்டர்’ என்று பலகை மாட்டக் கூடாது. சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும் என்று எழுதி வைப்பதும் வேண்டாம். மருந்து, மாய சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் ரசீது, வங்கிப் பதிவு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து மனு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.